ஆறாயிரம் ஜோடி கம்பளிச் செருப்பு

2004 மார்ச் 6

காலையிலிருந்து மழை. வெங்காயம் நடலாம் என்றிருந்தேன், மண் சொதசொதவென்று கிடக்கிறது. பதினொரு மணிக்கு ஹேசல் போன் செய்தாள். எங்கள் பழைய லாரிச் சங்கத்தின் செயலாளர். சொந்தமாக மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவள். சாதாரணமாகவே கத்திப் பேசுவாள், இன்று ஊருக்கே கேட்டிருக்கும்.

"டெஸ் அண்ணே, உட்கார்ந்துக்கோங்க. உங்க இருபத்தேழாம் நம்பர் லாரி கெடச்சிருச்சு! கிளித்ரோ பக்கத்துல ஒரு பண்ணையில, கோழிக் கொட்டகைக்குள்ள நிக்குது. அதே அட்கின்சன் கம்பெனி வண்டி, அதே நம்பர் பிளேட். நீங்க ஷாப் மலையில ஓட்டுன லாரி!"

நான் உண்மையாகவே உட்கார்ந்துவிட்டேன்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு லாரியைச் சீர்செய்து வெளியே கொண்டுவரும்போது, அதைக் கடைசியாக ஓட்டிய டிரைவரின் பெயரைக் கதவில் சின்ன எழுத்தில் எழுதுவார்கள். ஜூன் கண்காட்சிக்குள் லாரி தயாராகிவிடுமாம். பெயர் எழுதுகிறவர் மே 14-ஆம் தேதி வருகிறாராம். "டி. டாட்டர்சால்னு எழுதவா, டெஸ்மண்ட்னு முழுசா எழுதவா?" என்று கேட்டாள்.

அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 7

இந்த நோட்டிலாவது உண்மையை எழுதிவிடுகிறேன். நான் எந்த லாரியையும் ஓட்டியவன் இல்லை. பேக்கப் ஊரில் ஹெசல்டன் சகோதரர்கள் கம்பெனியில் பத்து வருஷம் ஆபீஸில் உட்கார்ந்து, எந்த லாரி எந்த ஊருக்கு என்று சீட்டு எழுதிக் கொடுத்தவன். அவ்வளவுதான்.

1990-இல் சங்கத்தில் சேர்ந்த அன்று கூடாரத்தில் பீர் குடித்துக்கொண்டிருந்தோம். சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் டிரைவர்கள். ஒருவன் என்னைப் பார்த்து, "நீ என்ன ஓட்டுன?" என்றான். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று, "இருபத்தேழு" என்றேன். அதோடு விட்டேனா? ஷாப் மலைப் பனியில் மாட்டிக்கொண்ட கதையையும் அவிழ்த்துவிட்டேன். பிறகு சங்க இதழில் எழுதச் சொன்னார்கள், எழுதினேன். மூன்று தடவை அச்சாகிவிட்டது.

அந்தக் கதை இருபத்தேழை நிஜமாக ஓட்டிய நோரிஸ் என்ட்விசிலுடையது.

மார்ச் 13

போய்ப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கூரையெல்லாம் கோழி எச்சம். ஹேசல் நகத்தால் சுரண்டிக் காட்டினாள், உள்ளே எங்கள் கம்பெனியின் கரும்பச்சை அப்படியே இருக்கிறது. கதவில் கம்பெனிப் பெயர் "ஹெசல்" வரைக்கும் தெரிகிறது, மீதி துரு. நாற்பது வருஷத்துக்கு முன்னால் காலை ஆறு மணிக்கு இந்த இஞ்சின் முற்றத்தில் உறுமும்போது என் மேஜையில் தேநீர்க் கோப்பை நடுங்கும். எத்தனை லாரி நின்றாலும் இருபத்தேழின் சத்தத்தைத் தனியாகச் சொல்லிவிடுவேன். இந்த லாரி மேல் எனக்கு அப்படி ஒரு பாசம். அது பொய் இல்லை. அதில் மட்டும் பொய்யே இல்லை.

"ஏறுங்கண்ணே, உங்க சீட்டு."

டிரைவர்கள் முன்சக்கரத்தில் கால் வைத்து ஒரே எழும்பில் ஏறுவார்கள். நான் ஏணியில் ஏறுவது மாதிரி தடவித் தடவி ஏறினேன். ஹேசல் ஒரு மாதிரி பார்த்தாள். முட்டி வலி என்றேன். ஒரு பொய்யை மறைக்க இன்னும் எத்தனை?

மார்ச் 14

தூக்கமில்லை. என் மனைவி ஐவி என்னவென்று கேட்டாள். வாயு என்றேன்.

மார்ச் 28

1963 பிப்ரவரி. நாடே பனியில் புதைந்துபோன அந்தக் குளிர்காலத்தைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கிளாஸ்கோவுக்கு ஆறாயிரம் ஜோடி கம்பளிச் செருப்பு போக வேண்டும். கடைக்காரன் போனில் கத்திக்கொண்டே இருந்தான். வழியில் ஷாப் மலை மேலே பனி கொட்டுகிறது என்று அடிவாரத்துக் கெண்டல் ஊரிலிருந்து தகவல் வந்திருந்தது. நோரிஸ் என் ஜன்னலுக்கு வந்து, "என்ன சொல்ற ஆபீஸ் தம்பி, போலாமா?" என்று கேட்டார்.

"நேத்து போன வண்டி போயிருச்சே அண்ணே. போயிரலாம்" என்றேன்.

அவருக்கு முப்பத்தாறு வயது, எனக்கு இருபத்தைந்து. அவர் போனார்.

மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே மாட்டிக்கொண்டார். டீசல் மெழுகு மாதிரி உறைந்துவிட்டது. துணியைக் கொளுத்தி டாங்கிக்கு அடியில் பிடித்துப் பார்த்திருக்கிறார். அந்தக் காலத்து லாரியில் ஹீட்டர் ஏது? இரண்டு நாள். முதுகுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் ஆறாயிரம் ஜோடி கம்பளிச் செருப்பு. ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. இடது காலில் இரண்டு விரல் போய்விட்டது.

நான் எழுதிய கதையில் டிரைவர் கயிற்றை அவிழ்த்து இரண்டு ஜோடி எடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு தப்பிக்கிறான். எல்லோரும் சிரிக்கிற இடம் அதுதான்.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தார். நான் ஒருநாள் கூடப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? அடுத்த வருஷம் இருபத்தேழை விற்றார்கள், அவரும் எங்கள் கம்பெனியை விட்டுவிட்டார். எப்போதோ செத்துப்போனார் என்று யாரோ சொன்னார்கள். நானும் நம்பிக்கொண்டேன், அதுதான் சௌகரியமாக இருந்தது.

ஏப்ரல் 4

செத்துப்போகவில்லை.

ஹேசல் போன் செய்தாள். "அண்ணே, மோர்கம்ல இருந்து ஒரு பெரியவர் லெட்டர் போட்டிருக்காரு. நோரிஸ் என்ட்விசிலாம். அவரும் இருபத்தேழு ஓட்டுனாராம். தெரியுமா உங்களுக்கு?"

"தெ... தெரியும்."

"அப்ப கடைசி டிரைவர் யாருன்னு ரெண்டு பேரும் பேசிச் சொல்லுங்க. கதவுல எடம் ஒரு பேருக்குத்தான்."

கடிதத்தில் வேறு என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டேன். ஒன்றுமில்லையாம். "நம்ம இதழ் அஞ்சு வருஷமா அவருக்குப் போகுதாம், மக பேர்ல" என்றாள். அஞ்சு வருஷம். அப்படியென்றால் மூன்றாவது தடவை வந்ததைப் படித்திருப்பார்.

ஏப்ரல் 5

ஐவியிடம் லாரிப் பொய்யையும் கதை நோரிஸுடையது என்பதையும் சொன்னேன். அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே கேட்டாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"யோவ், உன்ன நான் கட்டிக்கிட்டது அறுபத்தஞ்சுல. நம்ம காரையே நீ சுவத்துல இடிக்காம உள்ள விட்டதில்ல. நீயா லாரி ஓட்டுன?"

"அப்புறம் ஏன் இத்தனை வருஷமா சொல்லல?"

"அந்தக் கதைய சொல்றப்ப மட்டுந்தான் நீ நிமிர்ந்து ஒக்காருவ. எனக்கு மனசு வரல." கத்தியைக் கீழே வைத்தாள். "ஆனா அந்த மனுசன் உயிரோட இருக்காருன்னா போய்ச் சொல்லிரு டெஸ். லெட்டர் எழுதித் தப்பிக்கலாம்னு பாக்காத."

நான் லெட்டர்தான் எழுதலாம் என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 17

மோர்கம் போய் வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கடலைப் பார்த்த வீடு, மகளோடு இருக்கிறார். எழுபத்தேழு வயது. தோள் மட்டும் அப்படியே, கதவடைக்கிற மாதிரி. மகள் தேநீரும், வெண்ணெயில் போட்ட சின்ன இறாலும் ரொட்டியும் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பத்து நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சை எடுத்தேன். இரண்டு வாக்கியம் தாண்டவில்லை, கையைக் காட்டி நிறுத்தினார்.

"சரக்க நான் தொடல."

"தெரியும் அண்ணே."

"கயித்துல கைவெக்கல. சீல் வெச்ச சரக்கு. இருபத்தொம்பது வருஷம் வண்டி ஓட்டுனேன், அடுத்தவன் பொருள் ஒரு ஊசி எடுத்ததில்ல. நீ என்னடான்னா ரெண்டு ஜோடி எடுத்து மாட்டிக்கிட்டேன்னு எழுதுற. படிச்சவன் என்ன நெனப்பான்? இருபத்தேழு டிரைவர் திருட்டுப்பயன்னு நெனைக்க மாட்டான்?"

எனக்கு இது தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. கதையைத் திருடியதற்குத் திட்டுவார் என்று போனேன், அவர் செருப்புக்குத் திட்டுகிறார். ஆபீஸ்காரனுக்கு அது சரக்கு. டிரைவருக்கு அது மானம்.

"ஏன்யா அப்பிடி எழுதுன?"

நான் நினைத்தே பார்க்காத ஒன்று வாயில் வந்தது. "அப்பிடி எழுதுனா உங்க வெரலு தப்பிச்சிருது அண்ணே."

சொல்லிவிட்டு அழுதேன். அறுபத்தாறு வயசுக் கிழவன், இன்னொருத்தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி. "நாந்தானே போகச் சொன்னேன். போயிரலாம்னு நாந்தானே சொன்னேன்." நாற்பத்தொரு வருஷம் அதை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் குனிந்து, மூச்சு வாங்க வாங்க, இடது காலுறையைக் கழற்றினார்.

"பாத்துக்கோ. போனது போனதுதான்." மறுபடி மாட்டிக்கொண்டார். "போனாப் போவுது, கதைய நீயே வெச்சுக்கோன்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். மாட்டேன். வெரலு என்னுது, கதையும் என்னுது. திருப்பிக் குடு."

"குடுத்துர்றேன் அண்ணே."

"பேப்பர்ல வேணாம். அத்தன பேர் முன்னாடி, வாயால."

வாசல் வரை வரவில்லை. ஆனால் இறால் மிச்சத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கச் சொன்னார்.

மே 5

சங்கக் கூட்டம் நாளை. இரண்டு தடவை காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இல்லை.

மே 6

சொல்லிவிட்டேன்.

முப்பது பேர் இருந்தார்கள். எழுந்து நின்று, நான் டிரைவர் இல்லை, கதை என்னுடையது இல்லை, நோரிஸ் சரக்கைத் தொடவில்லை, போகச் சொன்னது நான் என்று வரிசையாகச் சொன்னேன்.

பிறகு பின்வரிசையிலிருந்து ஆம்ப்ரோஸ் கிழவர் குரல். முப்பது வருஷம் நிலக்கரி லாரி ஓட்டியவர். "ஒக்காருய்யா. செருப்ப எடுத்து மாட்டுனேன்னு நீ எழுதுன அன்னிக்கே தெரியும். எந்த டிரைவராவது சரக்க அவுத்தேன்னு எழுதுவானா? எடுத்தவன்கூட எழுத மாட்டான்!"

ஒரே சிரிப்பு. இன்னும் நாலைந்து பேருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷம் எனக்கு பீர் வாங்கிக் கொடுத்து, அந்தக் கதையைத் தலையாட்டிக் கேட்டிருக்கிறார்கள் படுபாவிகள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான் ஒருவன்தான், பார்க்காத மாதிரி சாப்பிட்டவர்கள் அவர்கள்.

ஹேசல் மட்டும் சிரிக்கவில்லை. "நான் நம்புனேன்" என்றாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மே 14

இன்று கதவில் பெயர் எழுதியிருப்பார்கள். நான் போகவில்லை.

மே 29

ஹேசல் போனை எடுப்பதே இல்லை. சரிதான், அவள் கோபம் நியாயம். வெங்காயத்துக்குக் களை எடுத்தேன்.

ஜூன் 11

ஹேசலிடமிருந்து இரண்டு வரிச் சீட்டு. "கண்காட்சி 20-ஆம் தேதி. நோரிஸ் நீங்களும் வரணும்னு சொல்றார். நானும்தான்."

ஜூன் 20

போகவே கூடாது என்றிருந்தேன். ஐவி என் கோட்டை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள், அதுவும் ஸ்டியரிங் பக்கம்.

இருபத்தேழு நின்ற அழகை என்னென்று சொல்ல! கரும்பச்சை, சிவப்புச் சக்கரம், வெண்ணெய் நிறத்தில் எழுத்து. கதவில் சின்னதாக "நோரிஸ் என்ட்விசில்". இஞ்சினை முடுக்கினார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், அதே சத்தம்.

நோரிஸ் சீட்டில் உட்கார்ந்தபடியே மைக்கை வாங்கிக் கதையைச் சொன்னார். என் அளவுக்கு ஜோடிக்கவில்லை. பனி, டீசல், துணி, கால். சரக்கைத் தொடவில்லை என்பதை மூன்று தடவை சொன்னார். நான் கூட்டத்துக்குப் பின்னால், தேநீர்க் கூடாரத்தின் பக்கம் நின்றேன். முடித்துவிட்டார் என்று கைதட்டினார்கள். அவர் மைக்கைக் கொடுக்கவில்லை.

"இருங்க, இன்னும் முடியல. மூணாம் நாளு போலீஸ்காரங்க என்னத் தூக்கிட்டு வந்து மலையடிவாரத்து டீக்கடையில போட்டாங்க. கடைக்கார அம்மா என்னப் பாத்ததும் முதல்ல என்ன சொன்னா தெரியுமா? 'நீதான் அந்த இருபத்தேழா? ரெண்டு நாளா பேக்கப்ல இருந்து ஒருத்தன் என் உசுர வாங்குறான்யா. அரை மணிக்கு ஒரு போன். இறங்கிட்டாரா, இறங்கிட்டாரான்னு. அதுவும் அழுவுறான்!' நான் மொதலாளின்னு நெனச்சேன். மொதலாளி எங்க அழுவப் போறான்!"

எல்லோரும் சிரித்தார்கள். நோரிஸ் சிரிக்கவில்லை. கூட்டத்துக்கு மேலாகத் தேடினார்.

"அது ஆபீஸ் தம்பின்னு ஆஸ்பத்திரியில இருக்கறப்பதான் தெரிஞ்சுது. வந்து பாப்பான்னு இருந்தேன். மூணு வாரம் கதவையே பாத்துக்கிட்டிருந்தேன். வரல. எனக்குக் கோவம் அதுலதான், வேற எதுலயும் இல்ல. டெஸ்மண்டு, எங்கய்யா நிக்குற? வந்து இந்தப் பக்கம் ஏறு."

போனேன். ஹேசல்தான் கைகொடுத்து ஏற்றிவிட்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இஞ்சின் சத்தத்தில் பேச முடியாது.

வீட்டுக்கு வரும் வழியில் ஐவி கேட்டாள். "அந்த போன் சமாச்சாரம். ஏன் என்கிட்டகூட சொல்லல நீ?"

யோசித்துப் பார்த்தேன். மூன்று தடவை எழுதிய கதையில் அதை ஏன் எழுதவில்லை?

"அது கதையில சேரும்னு எனக்குத் தெரியல ஐவி" என்றேன்.