ஜிஸ்மி என்றொரு பெயர்

வேலந்தாவளம்,
ஆவணி 12

அன்புள்ள செல்லாத்தாள் அக்காவுக்கு, தங்கை மருதாத்தாள் எழுதுவது. பெங்களூரில் நீயும் மகன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். இதைப் போனில் கேட்க என்னால் ஆகாது. உன் குரலைக் கேட்டால் வழக்கம்போல் அடங்கிப் போய்விடுவேன்.

வைகாசியில் என் வீட்டுக்காரருக்குப் புத்தி தடுமாறியது உனக்குத் தெரியும். காய்ச்சல்கூட இல்லை. மாட்டுக்கொட்டகை முன்னால் நின்று கோயில் என்று கும்பிட்டார். பாலக்காட்டு டாக்டர் சிறுநீரில் கிருமி என்றார். எழுபத்தாறு வயதில், கிருமியோடு உடம்பு போடும் சண்டை மூளையையும் விடாதாம். மருந்தில் தெளிவு வரும், ஆனால் போன நினைவெல்லாம் திரும்பும் என்று சொல்வதற்கில்லை என்றார்.

ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்பது நாளும் என்னை மேரி என்றே கூப்பிட்டார். “மேரி, ஜிஸ்மி பள்ளிக்கூடம் உட்டு வந்துட்டாளா? புள்ளைக்குச் சோறு போட்டயா?” என்று கையைப் பிடித்துக் கேட்டார். குழம்பிய பேச்சை நம்பாதீங்க என்றாள் நர்ஸ். பிள்ளையில்லாத மனுஷன் ஒரு பிள்ளையின் பெயரை அத்தனை வாஞ்சையாகச் சொன்னால் எப்படி அக்கா நம்பாமல் இருப்பது?

தெளிந்து வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “எந்த ஜிஸ்மி?” என்றார். நடிக்கிறார் என்று இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள், அம்மா எங்கே என்று கேட்டார். மாமியார் போய்ப் பதினோரு வருஷம் ஆச்சுங்க என்றேன். இப்போதுதான் கேட்பவர்போல நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். அது நடிப்பில்லை.

பூண்டு வாங்க மாதாமாதம் காந்தலூர் போய்க்கொண்டிருந்தாரே. அங்கே விசாரித்தால் தெரியும் என்று, போன வாரம் உடுமலையில் பஸ் மாறி நான் மட்டும் போனேன். மண்டியில் கேட்டதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். மேரி இறந்து இரண்டு வருஷமாம். ஜிஸ்மிக்கு முப்பத்தொரு வயது. அவருடைய அதே மூக்கு. நான் யாரென்று சொன்னதும் அழுதுவிட்டாள். “அப்பா போன் மூணு மாசமா ஆஃப்லயே கெடக்கு. இருக்காரா இல்லையான்னு யார்ட்ட கேக்கன்னே தெரியலம்மா” என்றாள். அவள் பெயரே இப்போது அவருக்குத் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காப்பி கொடுத்துவிட்டுக் கேட்டாள்: “செல்லாத்தா பெரியம்மா சொகமா இருக்காங்களா? எனக்குக் காது குத்துனப்ப அவங்க மடியிலதான் உக்கார வச்சாங்கன்னு அம்மா சொல்லும்.”

அந்தக் காப்பியை நான் குடிக்கவில்லை.

அதே வருஷம்தானே அக்கா, பிள்ளை வரம் கேட்டு என்னைப் பழனிக்குக் கூட்டிப்போனாய்? மொட்டையடித்துக்கொள்ளச் சொன்னதும் நீதான். குறை என்னிடம்தான் என்று மாமியார் ஊர் கேட்கச் சொன்னபோது பக்கத்திலேயே நின்றாயே. ஒரு வார்த்தை உனக்கு வரவில்லையா?

இவரிடம் கேட்டுப் பயனில்லை. கேட்டால் திருதிருவென்று விழிக்கிறார். குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, சோறு ஊட்டுகிறேன். திட்டக்கூட ஆளில்லை. மேரியும் போய்விட்டாள். நடந்ததெல்லாம் இனி உன் ஒருத்தியிடம்தான் இருக்கிறது.

உனக்கும் எழுபது ஆகிறது. ஒரு கிருமியும் உன்னை அண்டாமல் மாகாளியம்மன் காக்கட்டும். புத்தி தெளிவாக இருக்கும்போதே ஒரு தடவை வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ.

உன் தங்கை,
மருதாத்தாள்