அம்மா கொடுத்தனுப்பிய கோழி

சித்தூர்
12 பிப்ரவரி 1936

என் அக்கா மகள் ஜெயசீலிக்கு, மாமன் அசரியா ஆசீர்வதித்து எழுதுவது.

நான் முன்னாலேயே சொன்னேன். கோழி உன் வாசலில் கால் வைத்த வாரமே முட்டையிடும் என்றேன், இட்டுவிட்டது. மாசி பிறப்பதற்குள் அடைக்கு உட்காரும் என்றேன், உட்கார்ந்துவிட்டது. உன் மாமியார் வெங்கடலட்சுமி அம்மாள் முதலில் முகம் சுளித்து, பிறகு தானே தவிடு கொண்டுவந்து போடுவார் என்றேன், அதுவும் நடந்துவிட்டதாக உன் கார்டு சொல்கிறது. மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தியவன் என்று என்னைச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இந்த ஜில்லாவில் என்னைக் கேட்காமல் ஒரு முட்டையும் பொரிவதில்லை. மிஷன் பண்ணையில் துரைசானி அம்மாள் சீமைக் கோழி வளர்த்தபோது, அவருடைய இங்கிலீஷ் புத்தகம் ஒரு பக்கம், அசரியா ஒரு பக்கம். கடைசியில் அவர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டார்.

அடை வைத்த கூடையில் வைக்கோல் மட்டும் போதாது. அடியில் மணல் பரப்பு. இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகிவிடும், அதனால் ஓர் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் ஓரமாகச் சொருகி வை. ஒரு வாரம் கழித்து முட்டையைக் கையில் பொத்தி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார். உள்ளே சிவப்பு நரம்பு தெரிந்தால் உயிர் பிடித்துவிட்டது. வெறுமையாக இருந்தால் எடுத்துவிடு, இடம்தான் வீண். பக்கத்தில் ஒரு குழியில் சாம்பலைக் கொட்டிவை. கோழி எழுந்துவந்து அதில் புரண்டால் இறகிலிருக்கும் செள்ளுப்பேன் உதிர்ந்துவிடும்.

அக்கா சுகம். கோழியைக் கூடையில் வைத்துத் துணி கட்டியபோது, "காலை நசுக்கிடாம பதனமா எடுத்துக்கினு போடா" என்று நாலு முறை சொன்னாள். தாய் முட்டைக்கோழி கொடுத்தனுப்பாமல் நம் சபையில் எந்தப் பெண்ணின் குடித்தனமும் குடித்தனமாகாது என்பது உனக்குத் தெரியும். நாராயணவனத்துக் கோயிலில் நீ தாலி கட்டிக்கொண்ட நாளிலிருந்து உன் பெயரையே எடுக்காதவள், கோழியைக் கொடுத்துவிட்டாள். வாயால் சொல்லமாட்டாள், அவள் சுபாவம் அது. அவளுக்கு நேரே கடிதம் போடாதே. எழுத்து வாசிக்கத் தெரியாதவள், யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும், சபை முழுக்கப் பேச்சாகிவிடும். எனக்கு எழுது, நான் அவளிடம் சொல்லிக்கொள்கிறேன்.

உன் மாமன்,
அசரியா

நாராயணவனம்
20 ஏப்ரல் 1936

அன்புள்ள மாமாவுக்கு ஜெயசீலியின் ஸ்தோத்திரம்.

குஞ்சுகள் பொரிந்துவிட்டன. இரண்டைப் பருந்து கொண்டுபோயிற்று. மற்றவை அம்மாவின் கோழி பின்னாலேயே முற்றம் முழுக்க ஓடுகின்றன. எல்லோரும் அதை அப்படித்தான் சொல்கிறார்கள், அம்மா கோழி என்று. அத்தையின் கோழிகளும் ஒரு கூட்டம் இருக்கின்றன. ஆனால் அவர்கூட, "உங்கம்மா கோழி அரிசி மூட்டை மேல ஏறிக்கினு நிக்குது பாரு" என்று குரல் கொடுக்கிறார்.

முதல் முட்டையை வழக்கப்படி புத்தூரில் நம் சபை ஆலயத்தில் கொண்டுபோய் வைத்தேன். நான் வாத்தியாரம்மாவாக இருந்த ஊர்தானே, எல்லோரும் என்னைத் தெரிந்தவர்கள். பார்க்காதவர்கள் போலத் திரும்பிக்கொண்டார்கள். நான் காணிக்கைத் தட்டின் முன் நின்று, "இது எங்க அம்மா குடுத்தனுப்பின கோழியோட முட்டை" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு வந்தேன். மாமா, இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். தாலி கட்டிய அன்று எனக்குக் கல்யாணம் ஆனதுபோல் இல்லை. நீங்கள் கூடையை இறக்கிவைத்த அன்றுதான் ஆனதுபோல் இருந்தது.

இங்கே வெயில் தாங்கவில்லை. கோழிகள் வாயைத் திறந்துகொண்டு இரைக்கின்றன. என்ன செய்வது?

ஒரு செய்தி. முழுகாமல் இருக்கிறேன். அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள். என்ன சொன்னாள் என்று அப்படியே எழுதுங்கள்.

உங்கள் ஜெயசீலி

சித்தூர்
2 மே 1936

அன்பான ஜெயசீலிக்கு.

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உன் கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே இது பிள்ளைச் சேதிதான் என்று உன் மாமி ருக்மணியிடம் சொன்னேன். வேண்டுமானால் அவளையே கேள்.

வெயிலுக்குப் பயப்படாதே. கூட்டின் மேல் சாக்கை நனைத்துப் போடு, உச்சிவெயிலில் ஒருமுறை மீண்டும் நனை. தண்ணீரை மண்சட்டியில் நிழலில் வை, தகரத்தில் வைத்தால் கொதித்துவிடும். சின்ன வெங்காயத்தைப் பொடியாக அரிந்து தவிட்டில் கலந்து காலையிலேயே போட்டுவிடு, மத்தியானம் தீனி வேண்டாம். தின்றால் உடம்பு இன்னும் கொதிக்கும். குஞ்சுகளுக்குக் கரையான் வேண்டும். பழைய பானையில் சாணியும் ஓலையும் அடைத்துத் தண்ணீர் தெளித்து, ஈர மண்மேல் சாயங்காலம் கவிழ்த்து வை. விடியற்காலையில் தூக்கிப் பார், மொய்த்துக் கிடக்கும். போன கோடையில் சந்திரகிரிக் கோட்டைக்குப் பக்கத்தில் ஒருவர் வளர்த்த கோழிகளெல்லாம் சாகக் கிடந்தன. நான் போய் நின்றதும் எழுந்து நின்றன. அவர் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அக்காவிடம் சொன்னேன். நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "குஞ்சுங்க என்னா கலரு?" என்று கேட்டாள். பிள்ளையைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை, குஞ்சைப் பற்றிக் கேட்டாள். புரிந்துகொள்.

மாமன் அசரியா

நாராயணவனம்
9 ஆகஸ்ட் 1936

அன்புள்ள மாமாவுக்கு.

அம்மாவிடம் சொல்லுங்கள்: இரண்டு கறுப்பு, மூன்று சாம்பல், மற்றவை அந்தக் கோழியைப் போலவே செம்பட்டை.

இந்த வீட்டில் எனக்கு ஒரு கஷ்டம் வந்திருக்கிறது. ஆடி மாதம் அல்லவா? அத்தை என்னிடம் வந்து, "மொத மொத தங்கியிருக்குது, நல்லபடியா பொறக்கணும்னு ஆத்தாளுக்குக் கோழி வுடறேன்னு வேண்டிக்கினேன். நீ வந்தப்புறம் வூட்டுக்கு மொதல்ல வந்த கோழியைத்தான் வுடணும்" என்றார்.

"வேற எதை வேணும்னாலும் எடுத்துக்கோங்க அத்தை. அது எங்கம்மா குடுத்தது."

"உங்கம்மா ஒரு வாட்டி வந்து உன் மூஞ்சைப் பாத்தாளா? வாந்தி எடுத்தா வாரிக் கொட்டறவ நானு."

"அதனாலதான் அத்தை. அவங்ககிட்ட இருந்து எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்."

"உன் பிரசவத்துக்காக வேண்டிக்கினது அம்மாடி. எனக்காவ இல்ல."

நான் கோழியைக் கொடுக்கவில்லை, தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். என் வீட்டுக்காரர் வயலிலிருந்து வந்து, "ஒரு கோழிக்காவ ரெண்டு பேரும் சோறு துன்னாம குந்திக்கினு இருக்கீங்களே" என்று சத்தம் போட்டார். கடைசியில் அத்தை தம்முடைய சேவல் ஒன்றைக் கொண்டுபோனார். அது கணக்கில் சேராது என்று அவருக்கும் தெரியும். அன்றிலிருந்து என்னோடு அளந்துதான் பேசுகிறார்.

மாமா, நான் செய்தது சரியா? அம்மாவைக் கேட்டு எழுதுங்கள். "கொடுத்துடு" என்று அம்மா சொன்னால், அடுத்த வெள்ளிக்கிழமையே என் கையால் கொடுத்துவிடுகிறேன்.

ஜெயசீலி

சித்தூர்
17 ஆகஸ்ட் 1936

அன்பான ஜெயசீலிக்கு.

நீ செய்ததுதான் சரி. இது இப்படித்தான் வரும் என்று எனக்கு அப்போதே தெரியும். அக்காவிடம் சொன்னேன். கண் கலங்கிவிட்டாள். "என் கோழியை எம்பொண்ணு வுட்டுக் குடுக்கல" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

மாமியார் மனசு நோகாமல் பார்த்துக்கொள். பிரசவ சமயத்தில் உனக்கு அவர்தான்.

இனி மழை வரும். மழைக்காலத்தில் கோழியைக் கொல்வது குளிர் அல்ல, ஈரம். கூட்டை நாலு கல் வைத்துத் தூக்கிவிடு. சாம்பலும் சுண்ணாம்பும் தூவித் தரையைக் காய வை. ஒன்று தலையைத் தொங்கப்போட்டு வெள்ளையாகக் கழிந்தால், உடனே பிரித்துவிடு. வீட்டுக்கு வெளியே, மற்றவை மிதிக்காத இடத்தில், வேறு தண்ணீர், வேறு தீனி. அதைத் தொட்ட கையோடு மற்றதைத் தொடாதே. இரக்கம் பார்த்தால் எல்லாம் போய்விடும். இதில் மட்டும் நான் விளையாடுவதில்லை.

மாமன் அசரியா

நாராயணவனம்
24 நவம்பர் 1936

அன்புள்ள மாமாவுக்கு.

பெண் குழந்தை. போன மாதம் பிறந்தாள். இருவரும் சுகம். அத்தைதான் இரவும் பகலும் பார்த்துக்கொண்டார். அவர் பார்த்துக்கொண்டதைச் சொன்ன கையோடு அடுத்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஐப்பசி மழையில் அம்மா கோழி தலையைத் தொங்கப்போட்டது. வெள்ளைக் கழிச்சல். உங்கள் கடிதம் எனக்கு மனப்பாடம். வெளியே வைக்கத்தான் கூடையை எடுத்தேன். கொட்டுகிற மழையில் எருக்குழிப் பக்கம் அதைக் கவிழ்த்துவிட்டு வர எனக்குக் கை வரவில்லை. அம்மா துணி கட்டி அனுப்பிய கோழி. அடுப்படி மூலையில் கூடைக்குள் வைத்து மஞ்சளும் சீரகமும் அரைத்து ஊட்டினேன். அங்கேதான் அத்தை மழைக்குத் தம் குஞ்சுகளை அடைத்திருந்தார். பச்சை உடம்புக்காரி, அதே கையால் அவற்றுக்கும் தீனி போட்டேன். ஒரு வாரத்தில் முற்றத்தில் ஒரு கோழி இல்லை. அம்மா கோழியும் போய்விட்டது. மற்றவற்றைக் குழியில் போட்டு மூடினோம். அதை மட்டும் முருங்கை மரத்தடியில் தனியாகப் புதைத்தேன்.

அத்தை கத்தவில்லை. "உங்கம்மா கோழி எங்க வூட்டையே தொடைச்சிட்டுப் போச்சு" என்று ஒருமுறை சொன்னார். அப்புறம் குழந்தைக்கு வெந்நீர் வைக்கப் போய்விட்டார்.

கிறிஸ்துமஸுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். வீட்டுக்காரரும் சம்மதித்துவிட்டார். ரேணிகுண்டாவில் வண்டி மாறி, நேரே அம்மா வீட்டுக்குத்தான் வருவேன். கோழி செத்த சேதியை நீங்கள் சொல்ல வேண்டாம். நான் அம்மா மடியில் குழந்தையை வைத்துவிட்டுச் சொல்லிக்கொள்கிறேன்.

ஜெயசீலி

சித்தூர்
8 டிசம்பர் 1936

என் கண்ணான ஜெயசீலிக்கு.

உன் கடிதம் வந்து பத்து நாளுக்குமேல் ஆகிறது. பதில் எழுத நாலு முறை உட்கார்ந்தேன்.

முதலில் முற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். கூட்டையும் கூடையையும் கொளுத்திவிடு. மண்ணை ஒரு சாண் வெட்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு போடு. மழை நின்று வெயில் நன்றாக அடித்த பிறகும் உடனே கோழி விடாதே. பங்குனி வரை முற்றம் சும்மா கிடக்கட்டும். அவசரப்பட்டால் புதியவையும் போகும்.

நீ அக்கா வீட்டுக்கு நேரே போகாதே. எங்கள் வீட்டுக்கு வா. அக்கா வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று எழுதலாம் என்று பார்த்தேன். அவளுக்குக் காய்ச்சல் என்று எழுதலாம் என்றும் பார்த்தேன். ஒழுகவில்லை. காய்ச்சலும் இல்லை.

அந்தக் கோழியை உன் அம்மா கொடுத்தனுப்பவில்லை. உன்னைப் பார்க்க வந்த அன்று புத்தூர் சந்தையில் நான் வாங்கினேன். வெறுங்கையோடு உன் வாசலுக்கு வர எனக்கு மனம் வரவில்லை. கூடையைப் பார்த்ததும் நீ, "அம்மா குடுத்தாங்களா?" என்று கேட்டாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று எப்படிச் சொல்வேன்? ஆமாம் என்றேன். அதன் பிறகு எழுதியதெல்லாம் அந்த ஆமாம் போட்ட குட்டிகள். குஞ்சின் நிறம் கேட்டதும் இல்லை, கண் கலங்கியதும் இல்லை. ஆடியில் நீ கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம். சந்தைக் கோழிக்காக உன்னை மாமியாரோடு மல்லுக்கு நிற்க வைத்தேன். அந்த அம்மாளிடம் சொல், கோழி இந்த அசரியாவுடையது, வசவும் இந்த அசரியாவுக்கு என்று. பங்குனி கழிந்ததும் நல்ல பெட்டைகளாகப் பார்த்து, என் பெயரைச் சொல்லியே கொண்டுவந்து தருகிறேன்.

நேற்று அக்காவிடம் போனேன்.

"ஜெயசீலி கிறிஸ்துமஸுக்குக் கொழந்தையோட வர்றாளாம்."

"யார் வூட்டுக்கு?"

"உன் வூட்டுக்குத்தான்."

"நான் கூப்பிட்டேனா?"

எல்லாவற்றையும் சொன்னேன். சந்தை, கூடை, ஆடி மாதச் சண்டை, கழிச்சல், முருங்கை மரம். முடித்ததும், "என் கையால குடுக்காததை என் பேரால குடுத்தியாடா அசரியா?" என்றாள். பிறகு, "மாமியாக்காரி கேட்டும் குடுக்கலையா?" என்று கேட்டாள்.

"குடுக்கல அக்கா. நீ குடுத்ததுன்னு சொல்லி உள்ள தூக்கிக்கினு போயிட்டா."

உள்ளே எழுந்து போனாள். போகும்போது, "வரட்டும்" என்றாள்.

குழந்தைக்கு என் முத்தங்கள்.

உன் மாமன்,
அசரியா

உறையில் போடுமுன் திரும்பப் படித்தேன். இந்தக் கடிதத்தில் எல்லாம் உண்மை, ஒன்றைத் தவிர. அக்கா "வரட்டும்" என்று சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனாள், அவ்வளவுதான். அந்த வார்த்தையை நான் போட்டேன். எங்கள் வீட்டுக்கு வருவதானால் வா. அவள் கதவைப் போய்த் தட்டுவதானாலும் தட்டு, நான் கூட வருகிறேன். ஆனால் அவள் சொன்னாள் என்று நம்பி வண்டி ஏறாதே, அம்மா.