வேலுவின் வலது சக்கர உறை

என்னோடு சண்டை போட்டுக்கொண்டே ஒரு விமானத்தைக் கட்டிய என் அருமை வேலுவுக்கு,

1968 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறேகால் மணி. நீ செய்த வலது சக்கர உறையில் விரிசல் விழுந்தது இதோடு மூன்றாவது முறை. காரணம் தெரிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நலம் விசாரிக்கப் பொறுமையில்லை. விசாரித்தாலும் நீ பதில் போடப் போவதில்லை.

நம் பாலிடெக்னிக் மலருக்கு உன்னைப் பற்றி ஓர் அஞ்சலி எழுதித் தரச் சொன்னார்கள். 'அன்பும் அடக்கமும் மிக்கவர்' என்று ஆரம்பித்தேன், கை ஓடவில்லை. நீ எங்கே அடக்கமாக இருந்தாய்? என் ஸ்பேனரை எடுத்தால் திருப்பித் தந்ததே கிடையாது. அதனால் உனக்கே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்துக்கொள்ளட்டும்.

அவர்களுக்காக நாலு வரி. திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் ஊரில், உன் அப்பாவின் பனியன் கம்பெனிக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அதில் நீயும் நானும், பங்காளிகள் இருவரும், தபாலில் வரவழைத்த வரைபடத்தை வைத்து ஒருவர் மட்டும் உட்காரும் மர விமானம் ஒன்றைக் கட்டினோம். எல்லாம் முடிந்து சக்கர உறைகள் மட்டும் பாக்கி. காற்று முட்டாமல் வழுக்கிக்கொண்டு போவதற்காகச் சக்கரத்தின் மேல் மாட்டுகிற, நீர்த்துளி வடிவக் கூடு அது. இடதை இருவரும் சேர்ந்து செய்தோம். வலதை, நான் வேலைக்கான நேர்முகத்துக்குக் கோயம்புத்தூர் போயிருந்த வாரத்தில், நீ ஒருவனே செய்து முடித்தாய். அடுத்த மாதம் மஞ்சள் காமாலை வந்தது. அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

உறை செய்யக் கண்ணாடி இழைத் துணி கிடைக்காமல் நாம் அலைந்தது நினைவிருக்கும். 'திருப்பூரில் இருந்துகொண்டு துணிக்கு அலைவதா' என்று நீதான் கத்தினாய். வட்ட மிஷினில் குழாய் குழாயாக இறங்குகிற பனியன் துணியைக் களிமண் உருவத்தின் மேல் அப்படியே இழுத்து மாட்டினாய். ஒரு சுருக்கம் இல்லை. எந்த வளைவுக்கும் அது இழுபட்டுக் கொடுத்தது. அதன் மேல், காய்ந்தால் கல்லாய் இறுகுகிற ரெசின் பசையைப் பூசி, இன்னோர் அடுக்கு, மறுபடி ரெசின். தறித் துணியில் இப்படிச் செய்திருந்தால் முழுக்க மடிப்பு மடிப்பாக நின்றிருக்கும். அது நல்ல யோசனை. அப்போது நான் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

கம்பெனி ஆட்கள் விட்டார்களா? "ஏனுங் தம்பி, சக்கரத்துக்குப் பனியன் போட்டாச்சு. ஜட்டி எப்பங்க போடுவீங்க?" என்று போகும்போதும் வரும்போதும் கேட்டார்கள். இன்னமும் கேட்கிறார்கள். பதில் சொல்ல நீ இல்லாததால் நான் முறைத்துவிட்டுப் போய்விடுகிறேன்.

ஆடி மாதம் மெட்ராஸிலிருந்து விமானத் துறை அதிகாரி வந்தார். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. தரை ஓட்டத்தில் முதல் விரிசல் விழுந்திருந்த வலது உறைக்கு முன்னால் மட்டும் குந்தி உட்கார்ந்தார்.

"இது என்ன துணி?"

"பனியன் துணி சார்."

"உள்ளே போட்டுக்கிற பனியனா?"

"ஆமாங்க சார்."

பிறகு விரலால் விரிசலைத் தடவினார். "துணி எதுவானாலும் எனக்குக் கவலை இல்லை. இது ஏன் விரிஞ்சுதுன்னு சொல்லுங்க. சொல்ல முடியலேன்னா ரெண்டையும் கழற்றிட்டு வெறும் சக்கரத்தோட பறங்க. அடுத்த மாசம் வரேன். அப்பவும் விரிசல் இருந்தா அனுமதி கிடையாது."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. உறை இல்லாவிட்டாலும் விமானம் பறக்கும், வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு ஆறு திருகாணி. கழற்றக் கால் மணி நேரம் ஆகாது. ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்காரவும் உட்கார்ந்தேன்.

பெரியப்பா வந்து நின்றார். உன் அப்பாவைத் தெரியுமே, சத்தம் போட மாட்டார்.

"கழட்டிப் போட்டுப் பறக்கோணுமா கண்ணு?"

"வேற வழியில்லீங் பெரியப்பா."

"அவன் கடைசியாச் செஞ்சது. இதைய உட்டுப்போட்டு நீ பறந்தீன்னா, அவனை ரோட்டுல எறக்கி உட்டுப்போட்டு நீ மட்டும் போறாப்பல இருக்குது சாமி."

ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தேன். எனக்குத் தெரிந்தது விரிசலுக்குக் காரணம் கண்டுபிடிப்பது ஒன்றுதான். ஆக, இந்த உறை விமானத்தில் இருக்குமா இருக்காதா என்பது அதில் வந்து நின்றது.

முதலில் மாட்டிய விதத்தைச் சந்தேகப்பட்டேன். விமானத்தின் வால் பக்கத்தைத் தூக்கி நூல் மூட்டைகள் மேல் வைத்து, பறக்கிற நிலைக்குக் கொண்டுவந்தேன். நடுக்கோட்டுக்குத் தரையில் சாக்குக்கட்டியால் கோடு, உறையின் மூக்கிலிருந்தும் வாலிலிருந்தும் தூக்குக்குண்டு. பெரியப்பா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "கீழ நிக்கறப்ப ரெண்டு உறையும் மூக்கைத் தூக்கிக்கிட்டு நின்னுதே, நேரா மாட்டக் கூடாதா?" தரையில் நேராக இருந்தால் ஆகாயத்தில் மூக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு போகும், அங்கே நேராக இருக்க வேண்டுமென்றால் இங்கே தூக்கித்தான் நிற்கும் என்றேன். "அவனாட்டத்தான்" என்றார். உன்னைப் புகழ்ந்தாரா, திட்டினாரா?

கோணம் சரியாக இருந்தது. சக்கரத்தின் மேல் முழு பாரமும் இருக்கும்போதுதான் அளக்க வேண்டும், ஜாக்கியில் தூக்கினால் சக்கரக் கால்கள் உள்ளே மடங்கிக் கணக்கு கெட்டுவிடும் என்பதையும் நீ மறக்கவில்லை. டயருக்கும் உறைக்கும் நடுவே சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி. தாங்கித் தகடு ஆடவில்லை. திருகாணிகளுக்கு அடியில் ரப்பர் வாஷர். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை, எரிச்சலாக வந்தது.

அடுத்து சேற்றைச் சந்தேகப்பட்டேன். நம் மேட்டுக்காட்டு ஓடுபாதையில் ஒரு மழை பெய்தால் போதும், செம்மண் உறைக்குள் அப்பி, காய்ந்ததும் செங்கல்லாகிவிடுகிறது. அதனால் ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் கழற்றிக் கழுவினேன். விரிசலை உள்பக்கம் ஒட்டுப் போட்டு அடைத்தேன். மறுபடி ஓட்டினேன். மறுபடி விரிந்தது. அதே இடம்.

மூன்றாவது முறைதான் பயந்தேன். பறக்கவில்லை, தரையில் வேகமாக ஓட்டிப் பார்த்ததுதான். விரிசல் வாய் பிளந்து, உறையின் ஓரம் மடங்கி டயரைக் கவ்வியது. விமானம் வலது பக்கம் வெட்டித் திரும்பியது. கிளுவை வேலி என் முகத்துக்கு நேரே வந்தது. என்ஜினை அணைத்து, இடது பிரேக்கை மிதித்து, வேலிக்கு இந்தப் பக்கமே நின்றேன். இறங்கும் வேகத்தில் இது நடந்திருந்தால் தலைகுப்புறக் கவிழ்ந்திருக்கும்.

அப்படியும் எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். ஏன் தெரியுமா? விரிசல் அளவுகோல் வைத்துக் கிழித்ததைப் போல நேராக இருந்தது. மூக்கிலிருந்து வால் வரை ஒரே கோடு. ஓர் ஓடு தானாக விரிந்தால் இப்படியா விரியும்? வளைந்து, கிளை விட்டு, ஆணித் துளையைத் தேடிக்கொண்டு போகும். இது துளைகளைச் சீண்டவே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது? அறுத்துப் பார்க்காமல் தெரியாது.

அறுக்கிறேன் என்றதும் பெரியப்பா கொட்டகைக்கு வருவதை நிறுத்திவிட்டார். நானே கம்பெனிக்குப் போனேன்.

"அறுக்கறதுக்கு முந்தி அதும்மேல பிளாஸ்டர் ஊத்தி அச்சு எடுத்துப்போடறனுங். அதே அச்சுல புதுசு வார்த்துப்போடலாமுங். அளவு இம்மியும் மாறாதுங்."

"அப்ப அது அவன் செஞ்சதா, நீ செஞ்சதா?"

"வடிவம் அவனுதுங். துணி புதுசுங்."

மிஷினை நிறுத்தினார். "அறுக்கறப்ப நானும் நிக்கறேன்" என்றார்.

அச்சு எடுத்தேன். மறுநாள் ஹாக்ஸா பிளேடால் உன் உறையை விரிசலுக்குக் குறுக்கே அறுத்தேன். ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் அடுக்குகள் தெரிந்தன. பெயிண்டுக்கு அடியில் இதுவரை தெரியாமல் இருந்தவை, இடது உறையைப் போல வெள்ளையாக இல்லை. எல்லாம் மிஷினிலிருந்து இறங்கியபடியே இருக்கிற பழுப்புத் துணி, வெளுக்காத துணி. அதில் விரிசல் இருந்த இடத்தில், ஒவ்வோர் அடுக்கிலும், கறுப்பாக ஒரு புள்ளி. ரெசின் அங்கே மட்டும் இறங்கவில்லை. நகத்தால் நெம்பினேன், தாள் தாளாகப் பிரிந்தது.

பெரியப்பா கையை நீட்டி வாங்கினார். மூக்கருகே கொண்டுபோனார்.

"ஊசி எண்ணெய்."

வட்ட மிஷினில் ஓர் ஊசியில் எண்ணெய் கசிந்தால், துணி நீளத்துக்கும் ஒரு கறைக் கோடு விழும். சலவைப் பட்டறைக்குப் போய் வந்தால் அது போய்விடும். நீ அனுப்பவில்லை. அது மட்டுமா? ஐந்து துண்டு வெட்டி ஒவ்வொன்றாக மாட்டாமல், ஒரே நீளக் குழாயைச் சாக்ஸ் மடிக்கிற மாதிரி திருப்பித் திருப்பி இழுத்து மாட்டியிருக்கிறாய். கோட்டின் மேலேயே கோடு, ஐந்து முறை. வேறு ஊர்க்காரன் யாருக்காவது இந்தத் தப்பு வருமா? வேறு ஊரில் துணி கடையிலிருந்து வரும். நமக்குத்தான் மிஷினிலிருந்து சூடாக வரும்.

பெரியப்பா அழுவார் என்று நினைத்தேன். அவருக்குத் தோள் குலுங்கியது. நிமிர்ந்து பார்த்தால் சிரிக்கிறார்! நீ போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

"ஏஞ்சாமி, எறக்குன துணியத் துவைக்காமயே தெச்சுப் போட்டுக்கிட்டுக் காலேஜுக்குப் போனவன் அவன். 'எண்ணெ நாத்தம் அடிக்குதுடா'ன்னு உங்க பெரியம்மா தலைப்பாடா அடிச்சுக்குவா. தன்ற ஒடம்புக்கே துவைக்காதவன் சக்கரத்துக்குத் துவைச்சா போடுவான்?"

நானும் சிரித்துவிட்டேன். ஆனால் வேலு, எனக்கு இன்னும் விளங்கவில்லை. இடதுக்கு வெளுத்த துணிதானே போட்டோம்? வலதுக்கு மட்டும் ஏன் மாற்றினாய்? சலவைக்குப் போன துணி மழையில் காயவில்லையா? நான் ஊரிலிருந்து திரும்புவதற்குள் முடித்துக் காட்ட வேண்டுமென்று அவசரமா? அல்லது பழுப்புத் துணியில் ரெசின் நன்றாகப் பிடிக்கிறதா என்று நீ ஒரு சோதனை செய்தாயா? சோதனை என்றால், முடிவைக் குறித்துக்கொள்: பிடிக்கவில்லை.

நேற்று புது உறையை அச்சிலிருந்து பிரித்தேன். துணியைப் பெரியப்பாவே பட்டறைக்குக் கொண்டுபோய், வெளுத்து, இரண்டு முறை அலசி, காய்ந்த பிறகு தாமே முகர்ந்து பார்த்துக் கொண்டுவந்தார். பழைய உறையிலிருந்து ஒரு துண்டாவது உள்ளே வைத்து ஒட்டக் கூடாதா என்றார். எண்ணெய் ஏறியது ஒட்டாதுங்க என்றேன்.

ஆனால் ஒன்று. டயருக்குக் காற்றடிக்க விட்ட துளைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம் புது உறையிலும் வந்திருக்கிறது. ரெசின் காய்வதற்குள் நீ கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்திருக்கிறாய், அது அச்சில் ஏறிவிட்டது. நிரப்பித் தேய்க்க உப்புத்தாளை எடுத்தேன். பெரியப்பா தம் விரலை அதில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சின்னப் பள்ளத்தைக் காற்று பொருட்படுத்தாது. உப்புத்தாளைப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை அதிகாரி வருகிறார். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன்: அனுமதி கிடைத்தால் இரண்டு உறையும் போட்டுக்கொண்டுதான் பறப்பேன். விரிந்தால் மறுபடி அறுப்பேன். செய்யப் போவது இவை:

1. இடது உறையின் உள்பக்கம் சுரண்டிப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. இன்னொரு முறை வெளிச்சத்தில் பார்ப்பேன்.

2. இன்று மதியம் புது உறையை மாட்டுவேன். பாரம் சக்கரத்தின் மேல், வால் நூல் மூட்டையின் மேல். டயரைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி.

3. நாளை வேலி வரை ஓட்டி, கழற்றி, மண்ணைக் கழுவி, கோடு ஏதும் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

4. அதிகாரியிடம் அறுத்த துண்டைக் கொடுத்துக் காரணத்தைச் சொல்வேன். உன் பெயரையும் சொல்வேன். தப்பு உன்னுடையது, யோசனையும் உன்னுடையது.

5. பறப்பேன். நான் இறங்கும்போது வலது சக்கரம் தெரிகிற பக்கம் நிற்க வேண்டும் என்று பெரியப்பா கேட்கிறார். இப்போது அடிக்கிற மேற்குக் காற்றில், அதை எதிர்த்து இறங்கினால், வலது சக்கரம் வடக்குப் பக்கம் வரும். வடக்கில் ஒரு மர நிழல்கூடக் கிடையாது, வெயில் மண்டையைப் பிளக்கும், உங்களுக்காகக் காற்றைத் திருப்ப முடியாதுங்க என்று சொல்லிவிட்டேன். பரவாயில்லை கண்ணு, நின்னுக்கறேன் என்றார்.

உன் பங்காளி,
தங்கராசு