குளிர்ந்த பந்துகள்

ஜூலை 7, 1953 – செவ்வாய்
நேற்றைய பேஸ்பால் ஆட்டமும் 1–0. பத்து நாளில் நான்காவது தடவை. யாராலும் அடிக்க முடியவில்லை. அண்ணன் டெல் அடித்த பந்து வேலியைத் தாண்டப்போவது போல எழும்பி, நடுவழியில் சோர்ந்து எதிராளியின் கையுறைக்குள் விழுந்தது.

"மட்டைய உடைச்சு அடுப்புல வைடா, சூப்பாவது கொதிக்கும்!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேலை பார்க்கும் மைதானத்துச் சலவை அறைக்கு ஓடிவிட்டேன்.

இந்த மாதம் மேனேஜர் ஒருவரை அணியிலிருந்து அனுப்பப் போகிறாராம். டெல்லாக இருக்கக் கூடாது.

ஜூலை 8
ஆட்டக்காரர்களின் சட்டைகளைக் காயப்போடும்போது, ஆட்டத்தில் பக்கவாட்டில் தெறித்த ஒரு பந்து கூரையைத் தாண்டி வந்து விழுந்தது. எடுத்தேன். ஜில்லென்று இருந்தது. ஒஹாயோ வெயிலிலா? குளிர்ந்த பந்து தூரம் போகாது. இது எனக்குத் தெரியாதா?

ஆட்டப் பந்துகளை அம்பயரிடம் கொடுப்பது மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர். அதாவது – அப்பா.

ஜூலை 9
கேட்டேவிட்டேன். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற அன்றுகூட நான் அப்பாவிடம் ஏன் என்று கேட்டதில்லை.

"பந்து ஏன்ப்பா ஜில்லுனு இருக்கு?"

"நிழல்ல கிடந்திருக்கும். துணி ஊறிச்சா?"

என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

ஜூலை 10
மைதானத்து ஐஸ் அறைக்குப் புதுப் பூட்டு. ஐஸை யார் திருடுவார்கள்?

ஜூலை 11
சாவி அப்பாவின் கோட்டில் இருந்தது. உள்ளே ஐஸ் பாளங்களின் மேல் ஆறு பெட்டிப் பந்துகள்.

பெற்ற மகனுக்கா இப்படி? யார் சொல்லி? மேனேஜரா? இல்லை, டெல் பெரிய அணிக்குப் போய்விடுவான் என்ற பயமா?

சாப்பிடும்போது பெரிய உருளைக்கிழங்காகப் பார்த்து எனக்கு வைத்தார். அதை டெல்லின் தட்டுக்கு மாற்றினேன்.

ஜூலை 12 – ஞாயிறு
வயிற்றுவலி என்று சொல்லி தேவாலயத்துக்குப் போகவில்லை. பந்துகளைச் சலவை அறை பாய்லருக்குப் பக்கத்தில் பரப்பினேன். ரொட்டி மாதிரி சூடேறியதும் பெட்டிகளில் போட்டுத் திரும்ப வைத்தேன். ஆட்டத்துக்கு முன் பெட்டியைத் தூக்கிய அப்பா ஒரு கணம் அப்படியே நின்றார். "சீக்கிரம்யா!" என்று அம்பயர் வாங்கிக்கொண்டார்.

2–1. ஜெயித்தோம். இத்தனை நாள் டெல்லைப் போலவே திணறிய எங்கள் அணியின் கோவாலிக் இரண்டு முறை வேலிக்கு வெளியே அடித்தான். டெல் நான்கு முறை அடித்தான். நான்கும் பழையபடி நடுவழியிலேயே விழுந்தன. சூடான பந்துகள். எனக்கல்லவா தெரியும்.

அப்பா சலவை அறைக்கு வந்தார்.

"நீயா, மேபெல்?"

தலையாட்டினேன்.

"டெல்தாம்மா கெஞ்சுனான். ஏப்ரல்ல உடைஞ்ச மணிக்கட்டு சேரவே இல்ல. எல்லார் பந்தும் விழுந்தா, என்னுது தனியா தெரியாதுப்பான்னான்."

ஐயோ. நான் என்ன பண்ணிட்டேன்!

ஜூலை 14
டெல்லை அனுப்பிவிட்டார்கள்.

ஜூலை 20
டெல் செங்கல் சூளையில் சேர்ந்துவிட்டான். அப்பாவோடு பேசுவதில்லை.

"பெட்டிய ஐஸ்ல வைக்க மறந்துட்டாராம், எலிக்குட்டி," என்றான் இன்று என்னிடம். "மறக்குற விஷயமா அது? இவரெல்லாம் ஒரு அப்பனா?"

அப்பா வாசலில்தான் இருந்தார். காதில் விழுந்திருக்கும். பூட்ஸிலிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

நான் "ம்" என்றேன்.