பெயர்தாரர் குளித்துக்கொண்டிருக்கிறார்

மார்கழி 2, புதன்

பனி. எதிர்வீடு தெரியவில்லை. எதிர்வீட்டு ஜெசிந்தா அக்காவின் இருமல் மட்டும் கேட்டது. சிலிண்டர் சொல்ல வேண்டும். கடைக்கு லேட். பாத்திரக் கடையில் பில் போடுகிறவன் லேட்டாக வந்தால் குடம் கோபித்துக்கொள்ளுமா என்ன. முதலாளி சுவர்க் கடிகாரத்தை மட்டும் ஒரு துணி எடுத்துத் துடைத்தார்.

குழாயடியில் சத்திரத்து நோட்டீஸ். அரசலாற்றங்கரையில் எங்கள் தெரு மொத்தமும் இந்தக் கதைதான்: வீடு நம்முடையது, அடிமனை சத்திரத்துடையது. மாமனார் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. நிர்வாகம் கேட்டால் வீட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அதனால்தான் தெருவில் ஒரு வீட்டிலும் கான்கிரீட் கிடையாது. ஓடு, தகரம், சிமெண்ட் ஷீட். கழற்றுவதற்குத் தோதாக. கல்யாணமான புதிதில் வசந்தியிடம் சொன்னேன், "உங்கப்பா எனக்குக் குடுத்தது வீடு இல்லடி, பார்சல்." இரண்டு நாள் பேசவில்லை.

நோட்டீஸ் சாரம்: புது மேனேஜர் வீடு வீடாக வந்து பார்ப்பார். அடிமனைப் பெயர்தாரர் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும். இல்லையென்றால் மனை சத்திரத்துக்கே.

எங்கள் வீட்டுப் பெயர்தாரர் வசந்தி. வசந்தி இருப்பது மெல்பர்னில். ஆடியில் மகள் பிரசவத்துக்குப் போனவள். ஐப்பசியில் வருவதாக இருந்தது. பிறகு கார்த்திகை. இப்போது மாதத்தின் பெயர் சொல்வதில்லை.

நான் யார்? வீட்டோடு மாப்பிள்ளை. தலை நரைத்து, மகளுக்கும் மகள் பிறந்து, தெருவுக்கு இன்னும் 'மாப்ள'.

ராத்திரிக்கு உப்புமா. மத்தியானமும் அதுதான்.

மார்கழி 3, வியாழன்

தூறல். சங்கக் கூட்டம், தலைவர் கோவிந்தராஜ் வீட்டு முற்றத்தில். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பழக்கம் போகவில்லை. "வாசல்ல நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு." உள்ளே இடம் இல்லை. இருந்தது ஒரு ஆட்டுக்கல், அதன் மேல் நான்.

விஷயம் இதுதான். ஆற்றைப் பார்த்த இடம், கோயிலுக்கு வருகிறவர்களுக்கு லாட்ஜ் கட்டலாம். பூட்டிய வீடுகளில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக எடுப்பார்கள். நடுவில் நடுவில் பல் விழுந்த வாய் மாதிரி ஆனபின் மிச்சத்தைப் பிடுங்குவது சுலபம்.

தீர்மானம்: யாரையும் யாரும் காட்டிக்கொடுப்பதில்லை. கேட்டால் எல்லாரும் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

"மாப்ள வீட்டை என்ன பண்றது?" என்றார் கோவிந்தராஜ்.

"அதைக் கேக்கவே வேணாம்" என்றார் ஜெசிந்தா அக்கா. "வாசலப் பாத்தாலே தெரியுது. மார்கழி மாசம், தெரு பூரா கோலம். இந்தத் தம்பி வீட்டு வாசல் மட்டும் மொட்டையா கெடக்கு. பொம்பள இல்லாத வீடுன்னு போர்டு மாட்டுன மாதிரி."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பேச்சு எங்கே போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

வாங்கியது: கோலமாவு ஒரு பாக்கெட், செம்மண் கொஞ்சம். கடைக்காரர், "வீட்ல அம்மா வந்துட்டாங்களா?" வந்துவிட்டாள் என்றேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

மார்கழி 4, வெள்ளி

முதல் கோலம். இருட்டோடு எழுந்து வாசல் தெளித்தேன், யாரும் பார்க்கக்கூடாது என்று. தெருவே பார்த்தது. மார்கழியில் அந்த நேரத்தில் தூங்குகிற ஒரே ஆள் இதுவரை நான்தான் என்று இன்றுதான் தெரியும்.

புள்ளி நன்றாக வந்தது. பில் போடுகிற கை. கோடுதான். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவு எப்படி இறங்குகிறது என்பது பெரிய வித்தை. எனக்குக் கொட்டியது, அல்லது நின்றது. தாமரை என்று நினைத்து ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுப் பெண் நின்று பார்த்துவிட்டு, "நண்டு நல்லா இருக்கு மாமா" என்றாள்.

ஜெசிந்தா அக்கா: "பரவால்ல தம்பி. வசந்திக்கு வாதம் வந்துட்டுதுன்னு சொல்லிக்கலாம்."

அடுத்து கொடி. வ.வின் புடவைகள் மூன்றை பீரோவிலிருந்து எடுத்து, நனைத்து, பிழிந்து காயப்போட்டேன். துவைத்த புடவையைத் துவைக்காமல் நனைப்பதும் ஒரு வேலை. ரசகற்பூர வாசனை. பத்து மணிக்கு மழை. கடையிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடிவந்து எடுத்தேன். பாதி வழியில்தான் தோன்றியது: நனைந்தால் என்ன, நனைக்கத்தானே போட்டேன்.

எடுத்து மடித்தும் வைத்தேன்.

மார்கழி 6, ஞாயிறு

வ.விடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். வீடியோவில் குழந்தையைக் காட்டிக்கொண்டிருந்தவள், "உங்க கைல என்ன வெள்ளையா?" என்றாள். சொன்னேன். குழந்தையைப் படுக்கையில் விட்டுவிட்டுச் சிரித்தாள். அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாயிற்று.

"நாளைக்கிப் போடறப்ப போன் போடுங்க. அப்ப இங்க பத்தரைதான். நான் சொல்றேன்."

மகள் நிவேதா பின்னாலிருந்து, "அப்பாவும் இங்கயே வந்துடச் சொல்லும்மா." வழக்கமான பேச்சு. என் வழக்கமான பதில்: இங்கே மாமனார் வீட்டில் குடியிருந்தாகிவிட்டது, அங்கே போய் மாப்பிள்ளை வீட்டில் குடியிருக்கவா. சிரித்தார்கள். நான் போய்விட்டால் பூட்டிய வீடு. பூட்டிய வீடு சத்திரத்துக்கு. அதைச் சொல்லவில்லை. அங்கே ஏற்கெனவே வீட்டைப் பெருக்குகிற இயந்திரம் இருக்கிறது. எனக்கு என்ன வேலை என்பதையும் சொல்லவில்லை.

மார்கழி 7, திங்கள்

பனி. போனைச் செம்பில் சாய்த்து வைத்தேன். வாசல் விளக்கு வெளிச்சம் போதாது, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டேன். பதில் சொல்ல முடியாது, தலையாட்டத்தான் முடியும். வ.வுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது.

"மாவைக் கொஞ்சமா அள்ளுங்க. இழுக்கறப்ப கையப் பாக்காதீங்க, போய்ச் சேர வேண்டிய புள்ளியப் பாருங்க. அய்ய, அது இல்ல. பக்கத்துப் புள்ளி. உங்களுக்கு இடது பக்கம். இடது எதுன்னு தெரியுமில்ல?"

ஏழு புள்ளி, ஏழு வரிசை. சிக்கு. ஒரே கோடு, ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி வந்து சேர வேண்டும். வந்து சேர்ந்தது! இரண்டு இடத்தில் கொஞ்சம் வீக்கம். நடுவில் சாணி உருண்டை, மேலே பரங்கிப்பூ. பூ ஜெசிந்தா அக்கா கொல்லையிலிருந்து. "மாதாவுக்கு வச்சிருந்தேன். போகுது, உன் வீடு போனா அப்புறம் நான் யாரத் திட்டுவேன்."

யோசித்துப் பார்த்தால், கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நானும் வ.வும் சேர்ந்து முழுசாகச் செய்த வேலை இதுதான். முன்பெல்லாம் அவள் செய்வாள், நான் கருத்து சொல்வேன்.

உப்புமா இல்லை. சாதம் வைத்தேன்.

மார்கழி 8, செவ்வாய்

மேனேஜர் வந்தார். சின்ன வயது. ஸ்கூட்டரை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு, கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்தார். நல்ல வளர்ப்பு. பயமாக இருந்தது.

"வீட்ல அம்மா இல்லீங்களா?"

"குளிச்சிட்டிருக்கா" என்றேன்.

அதே நேரம் எதிர்வாசலிலிருந்து ஜெசிந்தா அக்கா, என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, உரக்க: "வசந்தி இப்பத்தான் சார் மார்க்கெட்டுக்குப் போச்சு. எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போச்சு."

கோவிந்தராஜ் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். நாங்கள் சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை. "சார், இவங்க வீட்டம்மா காலைலயே கோயிலுக்குப் போயிட்டாங்க. மார்கழி பாருங்க."

பேசி வைத்துக்கொண்டதெல்லாம் 'வீட்டில்தான் இருக்கிறார்கள்' என்பது வரைக்கும்தான். வீட்டில் எங்கே என்று யாரும் பேசி வைக்கவில்லை.

மேனேஜர் மூன்று பேரையும் பார்த்தார். "ஒரே அம்மா, ஒரே நேரத்துல மூணு எடம். கோயிலுக்குள்ள இருக்க வேண்டியவங்க சார்." பிறகு கோலத்தைக் குனிந்து பார்த்தார். "எங்கம்மா இந்தக் கோலம் போடுவாங்க. அவங்க ஒக்காந்து போட மாட்டாங்க, நின்னுக்கிட்டே குனிஞ்சு போடுவாங்க. இங்க ரெண்டு முட்டி தடம் இருக்கு. நடுவுல லுங்கி இழுத்த தடம்."

நான் வேட்டி என்று திருத்த வாயெடுத்தேன். ஜெசிந்தா அக்கா முறைத்தார்.

"பெயர்தாரர் இல்லைன்னுதான் எழுதணும். தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கும் மேல ஆள் இருக்கு."

போகும்போதும் சுற்றிக்கொண்டுதான் போனார்.

மார்கழி 9, புதன்

வெயில். தெரு மொத்தமும் சத்திரத்து ஆபீஸுக்கு. கடைக்கு லீவு, வயிற்றுப்போக்கு என்று சொன்னேன். முதலாளி பித்தளைச் சொம்பு ஒன்றில் ஓமத் தண்ணீர் கொடுத்தனுப்பினார். பாவம்.

ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்தோம். கோவிந்தராஜ், "உள்ள போங்க, உள்ள போங்க." இந்த முறை நிஜமாகவே உள்ளே போனோம். மேனேஜர் மேசையைச் சுற்றி தெரு நின்றது.

அங்கே ஜாஸ்தி கத்தியது யார்? நான். வெட்கமாகத்தான் இருக்கிறது. "பேர் யாருதா இருந்தா என்ன சார், இருக்கறது யாரு? ஓடு மாத்தறது யாரு, சாக்கடை அள்றது யாரு? குடியிருக்கறவன் பேருக்கு மாத்திக் குடுங்க." பின்னாலிருந்து கைதட்டல். வாழ்நாளில் எனக்கு முதல் கைதட்டல். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில்கூட நான் திரை இழுத்தவன்.

மேனேஜர் உள்ளே போய் யாருக்கோ போன் பேசினார். நேரம் ஆயிற்று. வெளியே வந்து, சரி என்றார். குடியிருக்கிற குடும்பத்து ஆள் பெயருக்கு மாற்றலாம், பொங்கலுக்குள். ஒன்றே ஒன்று வேண்டும். பழைய பெயர்தாரர் கையெழுத்து: தான் அந்த வீட்டில் வசிக்கவில்லை, இனி வசிக்கும் உத்தேசமும் இல்லை என்று.

தெரு கொண்டாடியது. பூட்டிய வீடு இல்லையென்றால் லாட்ஜ் இல்லை. டீ, மசால்வடை. கோவிந்தராஜ் என் தோளைத் தட்டித் தட்டி எனக்கு வலி.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் அந்த இரண்டாவது பாதி காதில் விழுந்தது. இனி வசிக்கும் உத்தேசமும்.

மார்கழி 10, வியாழன்

கிறிஸ்துமஸ். ஜெசிந்தா அக்கா வீட்டில் நட்சத்திரம், இட்லி, கோழிக் குழம்பு. மகன்கள் இரண்டு பேரும் வரவில்லை, ஒருவனுக்கு துபாயில் லீவு இல்லை, இன்னொருவனுக்குச் சென்னையில் லீவு இருந்தும் இல்லை. ஒரு குக்கர் நிறைய செய்துவிட்டார். நானும் அக்காவும் எவ்வளவு சாப்பிட முடியும்.

"வசந்திக்கிட்ட கேட்டியா?"

"கேக்கணும்."

"ஏன், பயமா?"

"கோழி நல்லா இருக்குக்கா."

காலையில் கோலத்தின்போதே கேட்டிருக்கலாம். பல்லில் டார்ச்.

மார்கழி 12, சனி

கேட்டேன். மனதுக்குள் நான் ஒத்திகை பார்த்தது இது: நான் விஷயத்தைச் சொல்வேன். அவள், "அதெல்லாம் எதுக்கு, நான்தான் தை பொறந்தா வந்துடப் போறேனே" என்பாள். நான், "அப்ப மேனேஜர்கிட்ட சொல்லிடறேன்" என்பேன்.

நடந்தது:

நான் விஷயத்தைச் சொன்னேன், சிரிப்பாக, மேனேஜர் குரலில். அவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றினாள். கொஞ்ச நேரம் தட்டிக்கொடுத்தாள்.

"எங்க கையெழுத்துப் போடணும்?"

அவ்வளவுதான். பிறகு, "வீடு போயிடக் கூடாதுங்க. அப்பா ஓடு ஓடா சேத்தது" என்றாள். பிறகு, நிவேதா வேலைக்குத் திரும்புகிறாள், குழந்தையை யார் பார்ப்பது என்றாள். எல்லாம் நியாயம். கோபமாவது வந்திருக்கலாம், அதுவும் வரவில்லை.

சிலிண்டர் வந்தது.

மார்கழி 14, திங்கள்

கையெழுத்து போனில் வந்தது. அசல் தபாலில் வருமாம். மேனேஜர் இதுவே இப்போதைக்குப் போதும் என்றார். பிரிண்ட் எடுத்த பையன் கடையில் சத்தமாகப் படித்துப் பார்த்தான், எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று. விழுந்திருந்தது.

"வாழ்த்துகள் சார்" என்றார் மேனேஜர், கை கொடுத்தார். பிறகு கையை விடாமல், "கோலம் நல்லா வந்துச்சு சார். முட்டிதான் காட்டிக்குடுத்துடுச்சு."

கோவிந்தராஜ்: "இனிமே உங்கள மாப்ளன்னு கூப்புட முடியாது. வீட்டுக்காரர்!" தெருவில் இரண்டு மூன்று பேர் அப்படியே கூப்பிட்டும் பார்த்தார்கள். என்னை இல்லை என்பதுபோலத் திரும்பாமல் போய்விட்டேன்.

இத்தனை நாள் கொடியில் போட்டுப் போட்டு எடுத்த புடவைகளை பீரோவில் வைத்தாயிற்று.

மார்கழி 16, புதன்

பனி கெட்டி. நேற்றும் இன்றும் எழுந்திருக்கவில்லை. யாருக்குக் காட்ட? போனை சைலன்ட்டில் போட்டிருந்தேன். நேற்று ஒரு மிஸ்டு கால், பத்தரைக்கு, அவள் பத்தரைக்கு. இன்று இல்லை.

கதவு தட்டல். ஜெசிந்தா அக்கா, தலையில் துண்டு, கையில் குச்சி. ஜன்னல் வழியாகத் தாழ்ப்பாளைத் தள்ளுகிற நீளம்.

"இருக்கியா தம்பி?"

"இருக்கேன்க்கா."

"ரெண்டு நாளா வாசல்ல ஒண்ணயும் காணோம். அதான் தட்டுனேன்." உள்ளே எட்டிப் பார்த்தார், அடுப்பு வரைக்கும். "லீவு போட்டா சொல்லிட்டுப் போடு. மனுசி எத்தன தரம்தான் எந்திரிச்சி வந்து பாக்கறது."

"மாவு தீந்துபோச்சுக்கா" என்றேன். பாதி பாக்கெட் இருந்தது.

சத்திரத்துக் காகிதப்படி இங்கே வசிப்பது நான். ஜெசிந்தா அக்காவுக்கு அந்தக் காகிதம் போதவில்லை.

வாளியை எடுத்தேன். வெயில் வந்துவிட்டது, கோலம் போடுகிற நேரம் இல்லை, தெரு பார்த்தது. ஏழு புள்ளி, ஏழு வரிசை. முட்டி போட்டேதான். ஒரு இடத்தில் கோடு ஒட்டவில்லை, விட்டுவிட்டேன். வ.வுக்குப் படம் எடுத்து அனுப்பவில்லை.

பாக்கெட் காலி. இப்போது நிஜமாகவே வாங்க வேண்டும்.