கட்டிலிலிருந்து இரண்டரை நொடி

அக்டோபர் 14, செவ்வாய்

மூன்றாவது நாளாக மழை. மரவள்ளிக் காட்டுக்குப் போகவில்லை. வீட்டில் சிக்னல் பூஜ்யம். பாறை மேல் ஏறினால் இரண்டு கோடு.

இன்றைய வேலை: பரணில் கிடந்த அப்பாவின் நாட்டுத் துப்பாக்கியை இறக்கி என் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். லைசென்ஸ் இல்லாதது. அதனால் இந்த நோட்டில் இனி 'து'.

காரணம்: கீழ்த்தெரு சரசு அக்கா வீட்டில் பட்டப்பகலில் பூட்டை உடைத்து விட்டார்கள். கொலுசு, போன், சேவல். சேவலைக்கூட விடவில்லை! அப்பா குடகில், காப்பித் தோட்ட வேலையில். தீபாவளிக்கும் வர முடியாது என்று போன வாரமே சொல்லிவிட்டார். வீட்டில் நானும் அம்மாவும்தான்.

கேம் சேனல் அண்ணன் லைவில் சொன்னது (என் கமெண்டுக்கு ஒருமுறை ஹார்ட் போட்டவர்!!): படுத்த இடத்திலிருந்து கை நீட்டினால் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் அது வெறும் இரும்பு. வெளிநாட்டு வீடியோக்களிலும் அதேதான்.

கட்டில் பக்கம்:
டார்ச்
போன்
து

அக்டோபர் 15, புதன்

மழை. பயிற்சி. கதவைப் பார்த்துப் படுத்து, போனில் ஸ்டாப்வாட்ச். 4.8, 3.9, 3.1.

சிக்கல்: கேமில் வருவது போல இதற்கு மேகசின் கிடையாது. வெடிமருந்தையும் நாரையும் ஈய ரவையையும் குழல் வாய் வழியாகப் போட்டு இடிக்க வேண்டும். திருடன் அதுவரை நிற்பானா? ஏற்றியே வைத்துவிட்டேன்.

அப்பா காட்டில்தான் ஏற்றுவார். பன்றி வராத நாளில் விடிந்ததும் வானத்தைப் பார்த்துச் சுட்டுக் காலி செய்த பிறகுதான் வீட்டுப் பக்கம் திரும்புவார். அம்மா பிடித்துக்கொண்டாள்.

"மருந்து போட்டத வூட்டுக்குள்ள வச்சிக்கினு படுக்கிற. உங்கப்பன் இருவது வருசத்துல ஒரு நாளு செஞ்சதில்ல."

அப்பா காலத்தில் யூடியூப் இல்லை என்றேன். நீயும் உன் ஊடியூபும் என்று களி கிண்டும் கட்டையைக் காட்டினாள்.

அக்டோபர் 17, வெள்ளி

மழை. கூரை ஒழுகுகிறது, கட்டிலுக்கு அடியில் ஈரம். து மேல் போன வருடத்து ரசிகர் மன்ற பேனரைப் போர்த்தினேன். ஓரத்தில் என் முகமும் இருக்கிறது, சின்னதாக.

ஆட்டோவில் மைக் கட்டி வந்தார்கள். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வைத்திருப்பவர்கள் புதன்கிழமைக்குள் பள்ளிக்கூடத்து ஆலமரத்தடியில் வைத்துவிட்டுப் போகலாம், பேர் கேட்கமாட்டார்கள், கேஸ் இல்லை. அம்மா என்னையே பார்த்தாள். அப்பா வந்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

2.5. ரெக்கார்டு!! யாரிடமாவது சொல்ல வேண்டும். உடம்பு சுடுகிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

நடந்ததை மட்டும்.

மதியம். காய்ச்சல் மாத்திரை, தூக்கம். அம்மா கடைக்குப் போயிருந்தாள். யாரோ கதவைத் தோளால் இடித்தார்கள். மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. மழைக்குச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்ட ஆள். முகம் தெரியவில்லை. யார் என்று கேட்கவில்லை. கேட்கவே இல்லை. கை தானாகப் போனது. விசையை இழுத்தேன்.

விசை அடித்ததும் மேலே வைத்த கேப்பு மட்டும் வெடித்தது. பொட்டு வெடி மாதிரி. உள்ளே மருந்து பிடிக்கவில்லை. ஈரம்.

சாக்கை எடுத்தார். அப்பா.

மழைக்குக் கதவு உப்பினால் எப்போதும் தோளால்தான் தள்ளுவார். எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து தெரியும்.

து-வை என் கையிலிருந்து வாங்கினார். குழலை வெளிப்பக்கம் திருப்பி வாசலில் சாய்த்தார். அப்புறம் வந்து நெற்றியைத் தொட்டார்.

"காச்சலாடா? இப்டி கொதிக்குது."

அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். அடித்திருக்கலாம்.

எனக்கு நீலச் சட்டை வாங்கி வந்திருக்கிறார். நனையாமல் இருக்க, துண்டில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் பாறை மேல் ஏறினேன். போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அப்பாவின் மிஸ்டு கால், மூன்று. அண்ணன் லைவ். சேனலை அன்சப்ஸ்கிரைப் செய்துவிட்டேன். ஸ்டாப்வாட்சையும் அழித்தேன். இன்று 2.5 கூட ஆகியிருக்காது. இன்னும் வேகம்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

எண்ணெய் தேய்க்கவில்லை. நீலச் சட்டை போடவில்லை. கீழ்த்தெருவில் ஒவ்வொரு வெடிக்கும் கதவைப் பார்க்கிறேன்.

அப்பா நேற்றே குழலில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். காலையில் திருகு முனைக் கம்பியை விட்டு ஒவ்வொன்றாக இழுத்தார். நார். கருப்புச் சேறு. ரவை. உதவிக்குப் போனேன். தள்ளி உட்கார் என்று கையைக் காட்டினார்.

ரவை பதினான்கு. ஏன் எண்ணினேன்.

தாழ்ப்பாள் எப்படிப் பெயர்ந்தது என்று அம்மா கேட்டாள். துருப்பிடித்திருந்தது என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். அம்மா நம்பிவிட்டாள். அதிரசம் வேகவில்லை என்று புலம்பப் போய்விட்டாள். நான்தான் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 22, புதன்

தூறல். ஆலமரத்தடியில் ஏற்கெனவே நாலு கிடந்தன. எங்களுடையது ஐந்து. அப்பா பேனரைப் பிரித்து, து-வை மட்டும் வைத்துவிட்டு, பேனரை மடித்து என்னிடம் கொடுத்தார்.

சரசு அக்கா வீட்டுக்காரர் வந்தார். "இன்னா மாமா, இனிமே பன்னி வந்தா வணக்கம் வச்சி அனுப்பிட வேண்டிதுதானா?"

அப்பா சிரித்தார். வழியெல்லாம் அவரோடு சிரித்துக்கொண்டே வந்தார். வீட்டுக்குத் திரும்பும் முடக்கில் நாங்கள் இருவர் மட்டும். சிரிப்பு நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் நடந்தார். முன்னால் நடக்கவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

மழை விட்டது. புதுத் தாழ்ப்பாள். காய்ச்சல் இல்லை, ஆனால் எழ மனமில்லை. கட்டிலுக்கு அடியில் ஒன்றும் இல்லை, குனிந்து பார்த்துவிட்டேன், இரண்டு தடவை.

நேற்றே கவனித்தேன். இன்றும். அப்பா நேராக உள்ளே வருவதில்லை. தண்ணீர் பிடிக்கப் போனாலும், வெளிக்குப் போனாலும், திரும்பும்போது பலா மரத்தடியிலேயே நின்றுவிடுகிறார். இன்று தலையில் குடம், அப்படியே நின்றார். "சொந்த வூட்டுக்கு இன்னா விருந்தாளி மாதிரி நிக்கிற?" என்று அம்மா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. நான் இரண்டு கையையும் போர்வைக்கு வெளியே எடுத்து வைத்தேன்.

"நான்தான்டா, அப்பா. உள்ள வர்ட்டா?"