நீலக்கோடு போகாத அறை

12 ஜூன் 2024, புதன்

காலைத் திருவாராதனம் முடிந்தபின் ஒண்டிகொப்பலில் என் வீட்டிலிருந்து ஊரோரமுள்ள போகாதிக்கு ஆட்டோவில் சென்றேன். மகன் ஸுமந்த் கட்டத் தொடங்கிப் பாதியில் விட்டுப்போன வீடு. கூரைக்குக் கான்கிரீட் போட்ட அன்று அவன்தான் வாசலில் நின்று வேலையாட்களுக்குப் பாதுஷா கொடுத்தான். மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. முப்பத்தெட்டு வயது.

சுவர்ப்பூச்சுக்கு முன்னால் மின்வேலை முடிந்தாக வேண்டுமாம். எலக்ட்ரீஷியன் சுரேந்தர் எல்லையோரத்துக் கௌதள்ளி ஊர்த் தமிழன், வாய் ஓயாதவன். ஸுமந்த் வரைந்து வைத்திருந்த படத்தை என் முன் விரித்தான். சிவப்புக் கோடு மின்சாரம். நீலக் கோடு பாட்டு. கூடம், சமையலறை, படுக்கையறை, எங்கும் கூரையில் ஸ்பீக்கர். மாடியில் ஜன்னலே இல்லாத ஓர் அறை ஹோம் தியேட்டர். நீலக் கோடுகள் யாவும் மாடிப்படிக்கு அடியிலுள்ள ஓர் அலமாரியில் வந்து கூடுகின்றன.

"செவப்பு மட்டும் போட்டு முடிச்சுரலாமுங்களா சாமி? நீலம் இனி எதுக்குங்க, பாட்டு கேக்கறவரே போயிட்டாருங்களே" என்றான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

படத்தில் உள்ளபடியே எல்லாவற்றையும் செய் என்றேன்.

14 ஜூன், வெள்ளி

ஏன் அப்படிச் சொன்னேன்?

மகனுக்குத் தகப்பன் கர்மம் செய்வதற்கில்லை என்று சடங்கு செய்துவைக்கும் எங்கள் வாத்தியார் ஸ்வாமி சொல்லிவிட்டார். ஸுமந்த் பிள்ளை இல்லாதவன். ஆகவே மருமகள் ப்ரார்த்தனாவின் கையிலிருந்து தர்ப்பையை வாங்கி என் தம்பி மகன் அனைத்தையும் செய்தான். அத்தனை நாளும் நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவன் மந்திரத்தில் தடுமாறிய இடங்கள் எனக்குத் தெரிந்தன. திருத்துவதற்கும் எனக்கு அங்கே இடமில்லை.

அவனுக்காக என் கையால் செய்ய மிஞ்சியது இந்தப் படம் ஒன்றுதான். பழம்பாடல்களுக்குக் கல்லூரியில் உரை சொல்லியே ஆயுளைக் கழித்தவன் நான். மூலத்தில் கைவைக்காமல் பொருள் காண்பது என் தொழில். இதையும் அவ்வாறே வாசிப்பேன்.

19 ஜூன், புதன்

ஸ்பீக்கர் குழாயை மின்சாரக் குழாய்க்கு ஒட்டியே சுவரில் காடி வெட்டி வைத்திருந்தான் சுரேந்தர். படத்தின் ஓரத்தில் ஸுமந்தின் பென்சில் எழுத்து தெளிவாக இருக்கிறது: இரண்டும் ஓரடி விலகி ஓட வேண்டும், இல்லையேல் பாட்டில் இரைச்சல் கலக்கும், எங்கேனும் சந்திக்க நேர்ந்தால் நேர்குறுக்காகக் கடக்க வேண்டும். பெயர்த்தெடுக்கச் சொன்னேன்.

"அட, கரண்டுப் பைப்புக்கும் மடி ஆச்சாரம் பாக்கறீங்களே சாமி!"

"பார்க்க வேண்டும். தொடாமல் போகச் சொல்."

விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன் போலிருக்கிறது. மாசிக்குப் பிறகு இதுதான் முதல்முறை.

20 ஜூன், வியாழன்

மாடியில் தியேட்டரை அடுத்துக் கிழக்கு பார்த்த சிறிய அறை ஒன்று உண்டு. அதற்கு மட்டும் நீலக்கோடு போகவில்லை.

முற்பகல் முழுவதும் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறதியா? குளியலறைக்குக்கூட ஸ்பீக்கர் வைத்திருப்பவன் ஓர் அறையை மறப்பானா? மேலும், அந்த அறைக்கும் தியேட்டருக்கும் நடுவிலுள்ள சுவரை இரட்டைச் சுவராக எழுப்பி, இடையில் ஒலியை உறிஞ்சும் பஞ்சு அடைக்க வேண்டும் என்று எழுதி, இருமுறை அடிக்கோடிட்டிருக்கிறான்.

பிறகு விளங்கியது. கிழக்கு பார்த்த அறை. விடியலில் நான் பாசுரம் சொல்லும்போது வேறு ஒலி எதுவும் குறுக்கிடலாகாது. அது எனக்கான அறை. ஒண்டிகொப்பல் வீட்டை விட்டு எங்களோடு வந்து இருங்கள் என்று ஒருநாளும் வாய்விட்டுக் கூப்பிடாதவன், இப்படிக் கூப்பிட்டு வைத்திருக்கிறான்.

அழுதேன். அதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

21 ஜூன், வெள்ளி

சிறிய அறையின் மேற்குச் சுவரில் பெருமாள் எழுந்தருள ஒரு மாடம் வெட்டும்படி மேஸ்திரியிடம் சொன்னேன். படத்தில் இல்லாததுதான். உரைகாரனுக்கு அவ்வளவு உரிமை உண்டு.

"இந்த முட்டிய வெச்சுக்கிட்டு மாடியிலயா குடியிருக்கப் போறீங்க? பெருமாளு கீழ இருந்தா கோவிச்சுக்குவாருங்களா?" என்று கேட்டான் சுரேந்தர். அதிகப்பிரசங்கி.

27 ஜூன், வியாழன்

ப்ரார்த்தனா வந்தாள். காரியங்கள் முடிந்ததிலிருந்து குவெம்புநகரில் தாய்வீட்டில் இருப்பவள்; இந்தப் பக்கம் வந்தது இன்றுதான். கீழே ஒவ்வொரு குழாயாகப் பார்த்தாள். மாடியில் அந்த மாடத்தைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"யார் இதை இடிச்சது?"

நான்தான் இடிக்கச் சொன்னேன் என்றேன்.

"யாரைக் கேட்டேள்? யாரைக் கேட்டு இந்த ரூம்ல கை வெச்சேள் மாமா? இது—"

படியிறங்கி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சுரேந்தர் தலையைக் குனிந்துகொண்டு ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான்.

மாமனாரிடம் பேசுகிற குரலா இது? பெருமாளுக்கு ஓர் இடம் பண்ணினது குத்தமா? அவளுக்கு மட்டும்தான் போச்சா, எனக்குப் போகலையா? நெஞ்சு ஆறவே மாட்டேங்கிறது.

3 ஜூலை, புதன்

இன்று அவளே ஒண்டிகொப்பலுக்கு வந்தாள். காபி கொடுத்தேன். ஆறும்வரை தொடவில்லை.

"அன்னிக்குக் கத்தினது தப்புதான் மாமா. ஆனா சொல்லிடறேன். அது குழந்தைக்குன்னு வெச்ச ரூம்."

எனக்குப் புரியவில்லை.

"ரெண்டு வருஷமா டாக்டர்கிட்டே போயிண்டிருந்தோம். கரு நிலைச்சப்புறம் அப்பாகிட்டே சொல்லிக்கலாம்னு அவர் சொல்லிட்டார். குழந்தை தூங்கற எடத்துலே சத்தமே கூடாதுன்னுதான் ஸ்பீக்கர் வெக்கலை. அந்தப் பஞ்சும் அதுக்குத்தான். பக்கத்து ரூம்ல குண்டு வெடிச்சாலும் அவ முழிச்சுக்கக் கூடாதும்பார். பொண்ணுன்னே முடிவு பண்ணிட்டார், பாருங்கோ." சிரிக்கப் பார்த்தாள்.

"அப்படியானால் எனக்கு?"

கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் என்ன நினைத்திருந்தேன் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"அப்பா அந்த வீட்டை விட்டு வரமாட்டார்னு அவர் சொல்லுவார் மாமா. ஒரு வார்த்தை கேளுங்கோன்னு நான் சொன்னேன். வேண்டாம்னுட்டார்."

பிறகு, "இப்போ நீங்களே எடுத்துக்கோங்கோ அதை. மாடம் அப்படியே இருக்கட்டும். காலியாத்தானே கிடக்கப் போறது, இல்லையா?" என்றாள்.

ஆறிப்போன காபியை அவள் குடித்துவிட்டுப் போனாள்.

4 ஜூலை, வியாழன்

கேட்டிருந்தால் போயிருப்பேனா? தெரியலையேடா. நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

10 ஜூலை, புதன்

எங்கள் பூர்விகம் மேல்கோட்டை. அங்கே உற்சவப் பெருமாளுக்குச் செல்வப்பிள்ளை என்று பெயர். அன்றாடம் ஆராதனத்தில் நான் சொல்லும் பெயர். இன்று அந்த இடம் வந்ததும் நாக்கு எழவில்லை. தாண்டிப் போய் அடுத்ததைச் சொன்னேன். ஒரு சொல்லையும் விட்டுப் படித்தவன் அல்லன் நான்.

17 ஜூலை, புதன்

ஏகாதசி. உபவாசத்தோடு போகாதிக்குச் சென்று மாடத்தைச் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னேன். மேஸ்திரி இரண்டாம் முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

"பெருமாளு வரலீங்களா சாமி?" என்றான் சுரேந்தர்.

"வரவில்லை."

இன்று அவன் கேலி எதுவும் பேசவில்லை.

குழந்தை என்று ஒன்று இந்த வீட்டுக்காக நினைக்கப்பட்டிருந்தது. இரண்டு வருஷம் அவர்கள் இருவரும் மட்டும் அதைச் சுமந்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. தெரியாமலே போனவளுக்காக எந்த முறைப்படி துக்கம் காப்பது? நான் படித்த எதிலும் அதற்கு விதி இல்லை.

20 செப்டம்பர், வெள்ளி

பூச்சு முடிந்து, கதவுகளும் வந்து, ஒயர் இழுப்பதும் இன்று நிறைவேறியது. ஸ்பீக்கர் எதுவும் வாங்கவில்லை, வாங்கப் போவதுமில்லை. சுரேந்தர் தன் வீட்டிலிருந்து பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து அறை அறையாக இணைத்துச் சோதித்தான். எங்கும் இரைச்சல் இல்லை. கடைசியாகத் தியேட்டரில் ஏதோ குத்துப்பாட்டை வைத்து, ஒலியை முழுவதும் ஏற்றினான். கதவைச் சாத்திக்கொண்டு நான் சிறிய அறைக்குள் நின்றேன். நடுச்சுவரில் காதை வைத்தேன்.

ஒன்றும் கேட்கவில்லை. என் மூச்சுதான் கேட்டது.

நீ படம் போட்டபடியே வந்திருக்கிறதடா. அவள் விழித்திருக்கமாட்டாள்.

18 அக்டோபர், வெள்ளி

ப்ரார்த்தனாவுக்குப் பெங்களூரில் வேலை. விழுந்து சேவித்தாள். "போகட்டுமா மாமா?" என்றாள். போய் வா என்றேன். வேறு என்ன சொல்வேன்? இரு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

போகாதி வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. முதலாண்டுத் திதியான வருஷாப்திகம் முடியாமல் நாங்கள் கிருஹப்பிரவேசம் செய்யலாகாது. வந்தவர்கள் தங்கள் முறைப்படி பால் காய்ச்சிக் குடியேறினார்கள். கூரையிலுள்ள வட்ட மூடிகள் எதற்கென்று அந்த அம்மாள் கேட்டாள். பாட்டுக்கு என்றேன்.

மாலையில் அதைத் தெரிவிக்க ப்ரார்த்தனாவைத் தொலைபேசியில் அழைத்தேன். வாடகையைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"மாமா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். இங்கே மல்லேஸ்வரத்துலே வேற வீடு பாத்திருக்கேன். தரைமட்டம், படியே கிடையாது. கோயில் ரெண்டு நிமிஷம். ஒரு ரூம் உங்களுக்கு. கிழக்கு பாத்ததுதான். பெருமாளோட வந்துடுங்கோ. நிஜமாத்தான் கேக்கறேன்."

"நான் எங்கேயம்மா இந்த வீட்டை விட்டு வருவது?" என்றேன். அவள் முடிக்கும் முன்பே, யோசிக்காமலே, வாயிலிருந்து வந்துவிட்டது.

ஸுமந்துக்கு என்னைத் தெரிந்திருக்கிறது.

வெகுநேரம் கழித்து, "காபி ஆச்சா மாமா?" என்று கேட்டாள்.

ஆச்சு என்றேன்.